மூலத்தைச் சுருக்கிவிட்டுப் பெருக்கச் சொல்லுங்கள்

பொள்ளாச்சியிலிருந்து ஓர் அம்மா கேட்கிறார்: ஒன்பதாவது படிக்கும் மகன் 3√12 × 2√18 கணக்கில் 6√216 வரை வந்து நின்றுவிடுகிறான். (√3 + √5)² என்றால் 8 என்கிறான். எங்கே தவறு?

முதல் கணக்கில் தவறே இல்லைங்க, முடிக்கவில்லை, அவ்வளவுதான். 216 = 36 × 6, ஆகவே விடை 6 × 6√6 = 36√6. ஆனால் 216-ஐப் பார்த்ததும் 36 எல்லோருக்கும் தோன்றாது. 4-ஐ மட்டும் எடுத்து √216 = 2√54 என்று விட்டுவிடுவார்கள்; 54-க்குள் இன்னும் ஒரு 9 இருக்கிறது.

அதனால் எண் சின்னதாக இருக்கும்போதே சுருக்கச் சொல்லுங்கள். √12 = √4 × √3 = 2√3. முறுடுக் கணக்குகளில் (√12 போல முழு எண்ணாக வெளிவராத மூலங்கள்தான் முறுடு) கை தவறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். சிலர் 4-ஐ அப்படியே வெளியே இழுத்து 4√3 என்பார்கள். வெளியே வருவது அதன் மூலமான 2. சிலர் ஏற்கெனவே வெளியே நிற்கும் 3-உடன் அந்த 2-ஐக் கூட்டி 5√3 என்பார்கள்; அங்கே நடப்பது பெருக்கல், 3 × 2√3 = 6√3. அதேபோல் 2√18 = 2 × 3√2 = 6√2. இரண்டையும் பெருக்கினால் 36√6.

இரண்டாவதுதான் உண்மையான தவறு. பெருக்கலில் மூலக்குறியைப் பிரிக்கலாம், கூட்டலில் முடியாது. கொப்பரை காயவைக்கும் களம் ஒன்று, பக்கம் 6 மீட்டர் சதுரம் என்று வையுங்கள். மூலைமட்டம் பார்க்கக் கொத்தனார் குறுக்கே கயிறு பிடித்தால் √(36 + 36) = √72 = 6√2, ஏறக்குறைய 8.49 மீட்டர். √36 + √36 = 12 என்பது ஓரமாகவே இரண்டு பக்கம் நடந்த தூரம். பையனை ஒருமுறை நடக்கவிட்டால் இது மறக்காது. வர்க்கத்திலும் இதே கதைதான், நடு உறுப்பு விட்டுப்போகிறது: (√3 + √5)² = 3 + 2√15 + 5 = 8 + 2√15. சரிபார்க்க 1.732 + 2.236 = 3.968, அதன் வர்க்கம் சுமார் 15.75. 8 எங்கே, இது எங்கே!

எழுத்து வந்தாலும் வழி இதுவே: √(8x³) × √(2x) = √(16x⁴) = 4x², x குறை எண்ணாக இல்லாதவரை. √(x²) தனியாக வந்தால் |x| என்று எழுதவேண்டும்; x = −5 என்றால் √25 = 5 தானே.

இன்று √50 × √18 கொடுத்துப் பாருங்கள். 5√2 × 3√2 என்று எழுதிவிட்டால், √2 × √2 = 2 ஆகி, மூலக்குறியே இல்லாமல் 30 வரும்.