சர்க்கரைப் புண்ணுக்கு ஸ்டெம் செல் ஊசி போடலாமா?

கேள்வி: அப்பாவுக்குப் பல வருடமாகச் சர்க்கரை. கால் கட்டைவிரலுக்கு அடியில் வந்த புண் 2 மாதமாக ஆறவில்லை. ‘கையில் ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல்) ஊசி போட்டால் போதும், செல்லே புண்ணைத் தேடிப் போய் ஆற்றிவிடும்’ என்கிறார் வேலூரில் ஒருவர். நம்பலாமா? (குடியாத்தம் வாசகர்)

பணம் கட்டாதீர்கள். அவர் சொன்னதில் பாதி உண்மை, அதனால்தான் படித்தவர்களே ஏமாறுகிறார்கள். புண்ணைத் தேடிப் போகும் செல் நம் உடம்பிலேயே உண்டு. கிருமி புகுந்த இடத்தில் சில ரசாயனங்கள் கசியும். ரத்த வெள்ளையணு, தன் மேல் அந்த ரசாயனம் எந்தப் பக்கம் கூடுதலாகப் படுகிறது என்று ஒப்பிட்டுப் பார்த்து, ஓரிரு சதவீத வித்தியாசத்தைக்கூடப் பிடித்து, அந்தப் பக்கம் உடம்பை நீட்டி ஊர்ந்து போகும். ஆனால் நிமிடத்துக்கு ஏறத்தாழ தன் உடம்பு நீளம்தான், அதாவது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. புண்ணுக்குப் பக்கம்வரை ரத்தம்தான் கொண்டுபோய் விட வேண்டும். கையில் ஏற்றும் ஸ்டெம் செல்லில் பெரும்பகுதி முதலில் நுரையீரலிலேயே சிக்கிக்கொள்கிறது.

சர்க்கரை ஏறிக் கிடந்தால் வெள்ளையணுவுக்குத் திசை பிடிப்பதும் கிருமியைக் கொல்வதும் மந்தமாகிவிடும். அதனால் சர்க்கரையை இறக்குங்கள், டாக்டர் சொன்னால் இன்சுலினுக்குத் தயங்காதீர்கள். அப்புறம், புண் உள்ள இடத்தில் பாரம் விழவே கூடாது, பாத்ரூம் போகிற நாலு அடிக்கும்தான். மாதாமாதம் மாத்திரை எழுதித் தருகிற இடத்தில் ஒருமுறையாவது செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைப் பார்த்திருந்தால் பலருக்குப் புண்ணே வந்திருக்காது. 2 நிமிட வேலை, அதைச் செய்ய ஆள் இல்லை!

ஒன்று மட்டும் விதிவிலக்கு. காலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்திருந்தால் மேலே சொன்னது எதுவும் போதாது, செல் வரவே வழியில்லை. பாதம் சில்லென்று இருக்கிறதா, விரல் கறுக்கிறதா, பாதத்தின் மேல் நாடி தட்டுப்படுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வலி இல்லையே என்று இருந்துவிடாதீர்கள், சர்க்கரையில் நரம்பு மரத்திருந்தால் வலி தெரியாது. கணுக்காலில் பிரஷர் பார்த்து ‘நார்மல்’ என்றாலும், குழாய் கல்லாக இறுகியிருந்தால் அந்த எண் பொய் சொல்லும், ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் பரிசோதனை கேளுங்கள்.

காட்பாடி ஸ்டேஷனில் இறங்கியதும் ஒட்டிக்கொள்ளும் புரோக்கர் இதையெல்லாம் சொல்ல மாட்டார், அவருக்கு வேண்டியது கமிஷன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 வழிகாட்டுதல்படி, சில ரத்த நோய்கள் போன்றவற்றுக்குச் செய்யும் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையைத் தவிர மற்ற ஸ்டெம் செல் வைத்தியமெல்லாம் ஆய்வு நிலையில்தான், ஆய்வுக்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. வேலூர்க்காரர் உங்களிடம் பணம் கேட்டால், நம்பக் கூடாது என்பதற்கு அதுவே போதும். அப்பாவை இந்த வாரமே கால் புண் பார்க்கும் சர்ஜனிடம் கூட்டிப் போங்கள்.