பென்ஷன் பணத்தை எடுத்து 20 ஆடு வாங்கலாமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் டோங்காட் பக்கம் எங்களுக்கு 4 ஹெக்டேர் நிலம். 200 முட்டைக்கோழி, 24 ஆடு (தாய் ஆடு 16, காயடித்த கிடாய் 4), 5 மாடு (பசு 2, காளை 1), கொஞ்சம் வாத்து, பிள்ளைகளுக்கு ஒரு குதிரை. கணவருக்கு டர்பனில் வேலை, மாதம் 25,000 ரான்ட் சம்பளம். கோழிகளுக்கு 82 வாரம் ஆகிறது, நாளுக்கு 130 முட்டை வருகிறது. 30 முட்டை ட்ரே 68 ரான்ட்டுக்குப் போகிறது. மாதம் 15 ட்ரே வீட்டுக்கும், மாமியார் கோவிலுக்கும் அக்கம்பக்கத்துக்கும் கொடுப்பதற்கும் போய்விடும். தீவன மூட்டை 50 கிலோ 360 ரான்ட். முட்டை ஓய்ந்த கோழி 75-க்குப் போகிறது, புதுசு 115-க்கு வருகிறது. காளையை ஒரு கறிக்கடைக்காரர் 15,000-க்குக் கேட்கிறார். தீவனக் கடையில் 18,000 கடன், மாதம் 2 சதவீத வட்டி. போன வருஷம் 9 குட்டி செத்தது. 6 ஆடுதான் விற்றோம், ஒன்று 1,900. கணவரின் ஓய்வூதியத்தில் எடுக்கக்கூடிய சேமிப்புப் பகுதியில் 40,000 இருக்கிறது. அதை எடுத்து வடக்கு கேப் மாகாணத்திலிருந்து 20 போயர் ஆடு (கறிக்கான இனம்) வாங்கலாமா? ஒன்று 2,600 சொல்கிறார்கள்.

பதில்: வேண்டாம், சகோதரி. நீங்கள் வாங்க நினைக்கும் ஆடுகளில் பாதி உங்கள் கொட்டகையிலேயே பிறந்து, அங்கேயே செத்துப்போகிறது. 9 குட்டியை 1,900 வீதம் போட்டால் 17,100 ரான்ட். கிட்டத்தட்ட உங்கள் தீவனக் கடன் முழுவதும் அதில் இருக்கிறது.

முதலில் அந்த 40,000. 2024 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள, ஓய்வூதியப் பணத்தைச் சேமிப்பு, ஓய்வுக்காலம் என்று பிரித்து வைக்கும் இரு பானை முறையில், சேமிப்புப் பகுதியிலிருந்து வரி ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கலாம், குறைந்தது 2,000. ஆனால் எடுக்கும் தொகை அந்த வருஷச் சம்பளத்தோடு சேர்ந்து வரிக்கு வரும். ஆண்டுக்கு 300,000 சம்பளத்துக்கு மேல் வரும் பணத்துக்கு 26 சதவீத வரி என்றால் 10,400 வரியாகப் போய், 29,600 கைக்கு வரும். அதிலும் நிர்வாகக் கட்டணம் கழியும். 20 ஆட்டுக்கு 52,000 வேண்டும்; இதில் 11 ஆடுதான் வாங்க முடியும், லாரி வாடகை தனி.

அந்த 11-ம் பிழைக்குமா என்பது அடுத்த கேள்வி. வடக்கு கேப் ஹார்ட்வாட்டர் நோய் இல்லாத வறண்ட பூமி. உங்கள் கடலோரத்தில் அந்த நோயைப் பரப்பும் போன்ட் உண்ணி இருக்கிறது. அங்கே வளர்ந்த ஆட்டுக்கு இதற்கு எதிர்ப்புச் சக்தி கிடையாது. வந்த சில வாரங்களில் காய்ச்சல், தள்ளாட்டம், வலிப்பு என்று வரிசையாக விழும். காய்ச்சல் தொடங்கியதுமே ஆக்ஸிடெட்ராசைக்ளின் போட்டால்தான் பிழைக்கும், பகலெல்லாம் வேலைக்குப் போகும் வீட்டில் அந்த முதல் காய்ச்சலை யார் பிடிப்பது? எப்போதாவது ஆடு வாங்குவதானால் உங்கள் வட்டாரத்திலேயே பிறந்து வளர்ந்ததை வாங்குங்கள். உருவம் சிறிதாக இருந்தாலும் பரவாயில்லை.

சரி, காசு ஏன் நிற்கவில்லை? கோழியைப் பார்ப்போம். ஒரு கோழி நாளுக்கு 115 கிராம் தின்னும். 200 கோழிக்கு மாதம் 690 கிலோ, 4,968 ரான்ட். ட்ரே, தரை விரிப்பு, தடுப்பூசி, விளக்கு என்று 700 வையுங்கள். கோழி மாற்றும் செலவையும் சேர்க்க வேண்டும், பலர் விடுவது இதைத்தான்: புதுசுக்கு 23,000, பழசில் 185 உருப்படி தேறினால் 13,875 வரவு, மீதி 9,125-ஐ 14 மாதத்தில் பிரித்தால் மாதம் 650. உங்களுக்கு மாதம் 130 ட்ரே வருகிறது, 115 விற்கிறது, 7,820 ரான்ட். எல்லாம் போக நிற்பது 1,500. இதே கோழிகள் 80 சதவீதம் இட்டிருந்தால், அதாவது நாளுக்கு 160, இதே தீவனத்துக்கு 3,540 நின்றிருக்கும். 82 வாரக் கோழி உங்களிடம் மாதம் 2,000 ரான்ட் வாடகை வாங்கிக்கொண்டிருக்கிறது.

ஆனால் 200-ஐயும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். 100 கோழியை விற்றால் 7,500 வரும். 100 விடைக்கோழி (முட்டையிடத் தொடங்கும் இளங்கோழி) 11,500. துண்டு விழும் 4,000-க்கு, காயடித்த கிடாய்களில் இரண்டைக் கொடுத்தால் கிட்டத்தட்ட சரியாகிவிடும். கொட்டகையைக் கழுவி, மருந்தடித்து, இரண்டு வாரம் காயப்போட்ட பிறகே புதுசை ஏற்றுங்கள். பழசோடு ஒரே அறையில் அடைத்தால் பழசின் நோய் புதுசுக்கு வரும். 18 வார விடைக்கோழி நன்றாக முட்டையிட இன்னும் சில வாரம் பிடிக்கும்; அதனால் சுமார் ஆறு வாரம் முட்டைப் பணம் பாதியாகும். அதற்கு 3,000 ஒதுக்கிக்கொண்டு தொடங்குங்கள். மற்ற 100-ஐ ஏழு மாதம் கழித்து மாற்றலாம்.

எப்போது விற்பது என்பதும் காசுதான். ஆடிக் கூழ் சமயத்தில் உயிர்க்கோழி கேட்டு வாசலுக்கே வருவார்கள். புரட்டாசியில் நம்மவர்கள் கறியும் முட்டையும் தொடமாட்டார்கள். அந்த மாதத்துக்கு ஸ்பாசா கடை (குடியிருப்புப் பகுதிச் சிறுகடை), பேக்கரி என்று வேறு ஆள் முன்கூட்டியே பேசி வையுங்கள். ஆட்டுக்கு டிசம்பர், ஜூலு குடும்பங்களின் மூதாதையர் சடங்குக்கு முழு வளர்ச்சி பெற்ற ஆடு நல்ல விலைக்குப் போகும்.

குட்டிச் சாவை நிறுத்த அதிகம் செலவில்லை. ஈரத் தரைதான் முதல் எதிரி. மரச்சட்டம் அடித்துத் தரையிலிருந்து தூக்கிய படுக்கை போடுங்கள். பிறந்த ஆறு மணி நேரத்துக்குள் சீம்பால், தொப்புளுக்கு அயோடின். சினையின் கடைசி ஆறு வாரம் தாய்க்கு நாளுக்கு 300 கிராம் அடர்தீவனம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கண் இமையைப் புரட்டி, இரத்தச்சோகையைக் காட்டும் ஃபமாச்சா நிற அட்டையோடு ஒப்பிட்டு, வெளுத்திருக்கும் ஆட்டுக்கு மட்டும் புழு மருந்து. எல்லாவற்றுக்கும் ஊற்றினால் புழு மருந்துக்குப் பழகிவிடும். சினை 150 நாள். கிடாவைப் பிப்ரவரியில் சேர்த்தால் ஜூலையில் குட்டி, உண்ணியும் புழுவும் குறைந்த காலம். அந்தக் கிடாக்குட்டிகளுக்கு அடுத்த ஆடிக்கு ஒரு வயது.

இரண்டு பசுவுக்கு ஒரு காளை எதற்கு? செயற்கைக் கருவூட்டலோ பக்கத்துக் காளையோ போதும். கேட்ட விலைக்குக் கொடுத்துவிடுங்கள், ஆனால் கால்நடை மருத்துவத் துறையின் அனுமதி முதலில். 2021-லிருந்து உங்கள் குவாசுலு-நடால் மாகாணத்தில் கோமாரிக் கட்டுப்பாடுகள் வந்துபோய்க்கொண்டிருக்கின்றன. மாடும் ஆடும் நினைத்த நாளில் காசாகாது, அவசரத்துக்கு அவற்றை நம்ப முடியாது. 15,000-ல் 3,000 கோழிக்கு, 12,000 கடனுக்கு. மீதி இரண்டு கிடாயை விற்றால் 3,800, அதுவும் கடனுக்கு. பாக்கி 2,200-ஐ முட்டைப் பணத்தில் மாதம் மாதம் அடைத்துவிடலாம். அதன்பின் இரண்டு மாதத் தீவனப் பணம், 10,000, தனிக் கணக்கில் சேரும்வரை எந்த உருப்படியும் வாங்கவேண்டாம்.

குதிரையை விற்கச் சொல்லமாட்டேன். அதைப் பள்ளிக் கட்டணம்போல வீட்டுச் செலவில் எழுதுங்கள், பண்ணைக் கணக்கில் அல்ல. மாமியார் கொடுக்கும் முட்டையையும் நிறுத்த வேண்டாம், எழுதுங்கள். தீவன அறைச் சுவரில் ஒரு நோட்டு: காலையில் முட்டை எடுக்கும் பிள்ளை எண்ணிக்கையை எழுதட்டும், மூட்டை பிரிப்பவர் தேதியைப் போடட்டும்.

அந்த நோட்டு வரித்துறைக்கும் உதவும். பண்ணை வரவைத் தனியாகக் காட்ட வேண்டும். வீட்டில் தின்றதும் கணக்கில் வரும். ஆண்டு முடிவில் கையிருப்புக் கால்நடையைச் சந்தை விலைக்கு அல்ல, சட்டம் சொல்லும் நிலையான மதிப்புக்குக் காட்டலாம். பசுவுக்கு அது 40 ரான்ட்தான்! ஆண்டில் இரு தவணையாக முன்கூட்டியே கட்டும் தற்காலிக வரி கட்டுபவராகப் பதிவு ஆகவேண்டி வந்தால், கெடு ஆகஸ்ட் கடைசியும் பிப்ரவரி கடைசியும். ஆடு மாடுகளுக்குப் பதிவு செய்த அடையாளக் குறி இல்லையென்றால் அதையும் இந்த மாதமே போட்டுவிடுங்கள். திருடுபோன ஆட்டை உங்களுடையதென்று நிரூபிக்க வேறு வழி குறைவு.