மாடியில் பத்துத் தொட்டிகளுக்குத்தான் இடம் உண்டு. நாட்டு விதைகளை வளர்த்துச் சேமிக்க எங்கிருந்து தொடங்குவது?

ஒரு தக்காளி வகை, ஒரு கொடி அவரை. இவ்விரண்டை மட்டும் கொண்டு தொடங்குங்கள் என்பதே என் பதில். ஏழு ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு விதைத் திருவிழாவிலிருந்து இருபத்து மூன்று பொட்டலங்களை வாங்கி வந்து, அத்தனையையும் ஒரே ஆடிப்பட்டத்தில் விதைத்தேன். காய்ப்புக்குக் குறைவில்லை. ஆனால் குட்டைச் சுரையும் நீளச் சுரையும் ஒரே பந்தலில் படர்ந்திருந்ததால், நான் எடுத்து வைத்த விதை மறு ஆண்டு இரண்டிலும் சேராத காய்களைத் தந்தது. அவ்வாறு கலந்தும், பெயர் எழுதாமல் விட்டும், முதல் ஆண்டிலேயே பாதிக்கு மேற்பட்ட வகைகளை இழந்தேன்.

தக்காளி, அவரை, தட்டைப்பயறு ஆகியவற்றில் ஒரே பூவுக்குள் ஆண் பாகமும் பெண் பாகமும் இருந்து பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே சூல் கொள்வதால், அவற்றின் விதை தாய்ச்செடியை ஒத்தே வரும். சுரை, பீர்க்கு, பூசணி ஆகியவற்றில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியாக இருப்பதால், பக்கத்து மாடியில் உள்ள வேறொரு வகையின் மகரந்தத்தையும் தேனீ கொண்டுவந்து சேர்த்துவிடும். கத்தரி, மிளகாய், வெண்டை ஆகியவை இடைப்பட்டவை. ஒரு பட்டத்தில் ஒரு வகையை மட்டும் வளர்த்தால் ஓரளவு சமாளிக்கலாம்.

விதை வாங்கும்போது ஒன்றைத் தவறாமல் கேளுங்கள்: கொடுப்பவர் அதைத் தாமே எத்தனை ஆண்டுகளாக விதைத்து எடுக்கிறார்? கடைத் தக்காளியின் விதையை வைத்துத் தொடங்க வேண்டாம். அது பெரும்பாலும் வீரிய ஒட்டு (ஹைப்ரிட்) வகையாக இருக்கும். அதன் அடுத்த தலைமுறை ஆளுக்கொரு குணத்துடன் பிரிந்து வரும். அழகான உறையில் வரும் விதையைக் காட்டிலும், பழைய செய்தித்தாளில் மடித்துக் கொடுத்து அதன் வரலாற்றையும் சொல்பவரின் விதையையே நான் நம்புகிறேன்.

அவரையை ஆடியில் ஊன்றினால் புரட்டாசி வரை கொடியும் இலையுமாகவே இருக்கும். மரபான கொடி அவரை பகற்பொழுது குறையும் காலத்தில்தான் பூக்கும் என்பது தெரியாமல், இது காய்க்காத கொடி என்று பிடுங்கி எறிந்தவர்களை நான் அறிவேன். பனிக்காலம் வரை பொறுத்திருங்கள். பூக்கத் தொடங்கியதும், பூச்சி தாக்காமல் திடமாக உள்ள நான்கைந்து கிளைகளில் சிவப்பு நூல் கட்டி, அக்காய்களைச் சமையலுக்குப் பறிக்கக் கூடாது என்று வீட்டில் சொல்லிவிடுங்கள். எஞ்சிய காயை விதைக்கு வைப்பது நம் பழக்கமாகிவிட்டது. நல்ல காயைத் தின்றுவிட்டுச் சோடையை விதைத்தால் வகை தேய்ந்துதான் போகும். அக்காய்கள் கொடியிலேயே காய்ந்து, ஆட்டினால் உள்ளே விதை உருளும் ஓசை கேட்ட பிறகே பறிக்க வேண்டும்.

தக்காளியில் பெரிய பழத்தைத் தேடாமல், நோயின்றி நன்றாகக் காய்த்த செடியைத் தேர்ந்தெடுத்து, அதன் நன்கு பழுத்த பழங்களை எடுங்கள். விதையைச் சூழ்ந்துள்ள வழவழப்பான கூழ் முளைப்பைத் தடுக்கும் தன்மை கொண்டதால், கூழும் விதையுமாக ஒரு கிண்ணத்தில் இரண்டு நாள் புளிக்க வைத்து, பின் நீர் ஊற்றிக் கலக்கினால் கூழும் பதரும் மிதந்து நல்ல விதை அடியில் தங்கும். நம் ஊர் வெயிலில் மூன்று நாளுக்கு மேல் விட்டால் கிண்ணத்திலேயே முளைவிடத் தொடங்கும். காகிதத்தில் உலர்த்தினால் ஒட்டிக்கொள்ளும் என்பதால், தட்டில் பரப்பி நிழலில் காய வையுங்கள்.

சேமிப்பில் ஈரமே முதல் பகை. விதையின் ஈரப்பதம் 1 சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது விதைத் துறையினர் கையாளும் பொதுக் கணக்கு. நம் வீடுகளில் பூசணி, சுரை விதைகளைச் சாணத்தில் பதித்துச் சுவரில் ஒட்டியதும், பயறு வகைகளைச் சாம்பலில் புரட்டி வைத்ததும் ஈரத்தையும் வண்டையும் தடுக்கத்தான். நான் சாம்பலில் புரட்டிக் கண்ணாடிப் புட்டியில் அடைத்து, வகையின் பெயரையும் ஆண்டையும் எழுதி வைக்கிறேன்.

ஒரே வீட்டில் முழுவதையும் வைக்காதீர்கள். திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில் 2 கிலோ விதைநெல் பெறுபவர் மறு ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்ற ஏற்பாடு இருந்தது. அதையே சிறிய அளவில் நான் பின்பற்றுகிறேன். இருபது அவரை விதை கொடுத்தால் நாற்பது திரும்பி வர வேண்டும். ஓர் ஐப்பசி மழையில் என் அலமாரிக்குள் நீர் இறங்கி எல்லாம் பூசணம் பிடித்தபோது, சின்னம்மா வீட்டில் இருந்த நாற்பதுதான் அந்த வகையைக் காப்பாற்றியது.

சுரையையும் பீர்க்கையும் மூன்றாம் ஆண்டுக்கு ஒத்தி வையுங்கள். இவை மாலையில் மலர்வதால், அன்று பிற்பகலிலேயே ஆண், பெண் மொட்டுகளைத் துணிப்பையால் மூடி, மலர்ந்ததும் கையால் மகரந்தம் சேர்த்து மீண்டும் மூட வேண்டியிருக்கும். சேமித்த விதையில் விளைந்த சுரைக்காய் கசந்தால் அதைச் சமைக்கவே கூடாது. அந்தக் கசப்பு நஞ்சாகும்.

ஆனி மாதக் கடைசியில் ஒவ்வொரு புட்டியிலிருந்தும் பத்து விதைகளை ஈரத்துணியில் முடிந்து வைத்துப் பார்ப்பேன். ஏழுக்கு மேல் முளைத்தால் விதைப்பேன். அதற்குக் குறைந்தால் சின்னம்மாவுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு ஒரு நடை போய் வருவேன்.