எஃப்1 அழுத்தச் சொல்கிறது, என்ன செய்ய?

கணினியைப் போட்டதுமே எரர் வருவது பற்றி வந்த கேள்விகளுக்கு, காரைக்குடியில் பழுது பார்ப்பவனாக எனக்குத் தெரிந்த பதில்கள். "ஏதோ எரர் வருது" என்று மட்டும் எழுதாதீர்கள். திரையைச் செல்போனில் படம் எடுத்து அனுப்புங்கள், பாதி நோய் அந்த வரியிலேயே தெரிந்துவிடும்.

கானாடுகாத்தான் ஆச்சி ஒருவர்: பொங்கலுக்கு வந்து வீட்டைத் திறந்தோம். கணினியைப் போட்டால் "சிமாஸ் செக்சம் எரர்", எஃப்1 அழுத்து என்கிறது. அழுத்தினால் விண்டோஸ் வருகிறது, ஆனால் எந்த இணையதளமும் பாதுகாப்பில்லை என்கிறது. வைரஸா?

வைரஸ் இல்லை ஆச்சி, பேட்டரி. மதர்போர்டில் நாணயம் போல சிஆர்2032 என்ற 3 வோல்ட் பேட்டரி இருக்கும். கரண்ட் இல்லாத நேரத்திலும் கடிகாரம் ஓடுவதும், சிமாஸ் என்ற சிறு நினைவகத்தில் கணினியின் அமைப்புகள் நிற்பதும் அதனால்தான். பிளக்கில் கரண்ட் இருக்கும்வரை அதற்கு வேலை குறைவு. நம் பக்கம் வீட்டைப் பூட்டும்போது மெயினையும் இறக்கிவிட்டுத்தானே போகிறோம்? அத்தனை மாதமும் பேட்டரி மட்டுமே தாங்க வேண்டும். அது தீர்ந்ததும் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். இணையதளச் சான்றிதழ்களுக்குத் தொடக்கத் தேதி உண்டு. உங்கள் கணினியின் கணக்கில் அந்த நாள் இன்னும் பிறக்கவே இல்லை, அதனால்தான் பயமுறுத்துகிறது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடி அழுத்துங்கள். பக்கத்துக் கிளிப்பைத் தள்ளினால் பேட்டரி எழும்பும். புதியதைப் பிளஸ் பக்கம் மேலே இருக்கும்படி வைத்து, பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்னால் வரும் அமைப்புத் திரையில், தேதியைச் சரிசெய்தால் முடிந்தது. பேட்டரி ஆராய்ச்சி நடக்கும் சிக்ரி ஆய்வகம் இருக்கிற ஊரிலிருந்து, இதற்காக மதுரைக்குக் கணினியைத் தூக்கிப் போனவரையும் பார்த்திருக்கிறேன்!

குன்றக்குடி: நானும் பேட்டரி மாற்றினேன். இப்போது நீலத்திரையில் "இன்னாக்சஸிபிள் பூட் டிவைஸ்" வருகிறது.

பேட்டரி போனபோது பயாஸ் அமைப்புகளும் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கும். அதில் சாட்டா மோடு என்று ஒன்று உண்டு, ஹார்ட்டிஸ்க்கோடு கணினி எந்த முறையில் பேசுவது என்பதற்கு. விண்டோஸ் போட்டபோது ஏஹெச்சிஐயில் இருந்து இப்போது ஐடிஇக்கு மாறியிருந்தால் இப்படித்தான் நிற்கும். திரும்ப மாற்றிப் பாருங்கள்.

தேவகோட்டை: "ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்" என்று வருகிறது. ஃபார்மட் செய்யச் சொல்கிறார்கள்.

அவசரப்படாதீர்கள் ஐயா. பென்டிரைவ் ஏதும் செருகியிருக்கிறதா? இருந்தால் எடுத்துவிட்டுப் போடுங்கள். இல்லையென்றால் பயாஸில் ஹார்ட்டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் பூட் வரிசையில், அதாவது எதிலிருந்து தொடங்குவது என்ற பட்டியலில், அதை முதலில் வையுங்கள். தெரியாவிட்டால் கேபிளைக் கழற்றி அழுத்திச் செருகுங்கள். கண்ணுக்கே தெரியாத டிஸ்க்கை எப்படி ஃபார்மட் செய்வது? அதிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தால் மட்டும் உடனே நிறுத்திவிடுங்கள். போட்டுப் போட்டுப் பார்த்தால் உள்ளே இருக்கும் கல்யாண போட்டோவும் போய்விடும்.

பள்ளத்தூர்: பீப் பீப் என்கிறது, திரையில் ஒன்றுமில்லை.

பெரும்பாலும் ராம் என்ற நினைவக அட்டைதான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ராமைக் கழற்றி, தங்க நிறப் பட்டையைப் பென்சில் ரப்பரால் லேசாகத் தேய்த்து மாட்டுங்கள். அப்புறம், கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்கிறது என்று எழுதியிருந்தீர்களே, அதற்கும் ராமுக்கும் சம்பந்தமில்லை. பழைய வீட்டு வயரிங்கில் எர்த் இருக்காது. முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

புதுவயல்: வைரஸை நீக்கிய பிறகு, தினமும் "ரன்டிஎல்எல்" என்று ஒரு பெட்டி வந்து, ஏதோ மாட்யூலைக் காணோம் என்கிறது.

வைரஸ் போய்விட்டது தம்பி, அதைக் கூப்பிடும் வரி மட்டும் மிச்சம். வீடு மாறிப் போனவர் பெயருக்குப் பத்திரிகை வருகிற மாதிரி. கணினி தொடங்கும்போது தானாக ஓடுபவற்றைப் பட்டியலிடும் மைக்ரோசாஃப்டின் ஆட்டோரன்ஸை இறக்கி, மஞ்சளாகத் தெரியும் வரிகளில் அந்தப் பெயரைத் தேடி டிக்கை எடுத்துவிடுங்கள். காணாமல்போன டிஎல்எல் கோப்பைக் கண்ட தளத்திலிருந்தும் இறக்காதீர்கள், போன வைரஸ் திரும்ப வரும்.

கோட்டையூர்: சிங்கப்பூரில் இருக்கும் மகன் தந்த லேப்டாப். திடீரென்று பிட்லாக்கர் கீ கேட்கிறது. எங்களுக்கு ஒன்றும் தெரியாது.

பிட்லாக்கர் என்பது டிஸ்க்குக்கு விண்டோஸ் போடும் பூட்டு, அதைத் திறக்கும் 48 இலக்க எண் அது. மகன் தன் மைக்ரோசாஃப்ட் கணக்கில் முதலில் நுழைந்திருந்தால் அங்கேதான் இருக்கும். திரையில் தெரியும் கீ ஐடியைப் படித்துச் சொல்லுங்கள், அதற்குப் பொருந்துவதை அவர் எடுத்துத் தருவார். அந்த எண் இல்லாமல் உள்ளே இருப்பதை நானும் எடுக்க முடியாது. இப்போதே போன் போடுங்கள், அங்கே நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால், தூங்கிவிடப் போகிறார்.