வெயில் கடுமையான இடங்களில் மக்காச்சோள மகசூலைக் கணினி எப்படிக் கணிக்கிறது?

மண், ரகம், விதைத்த நாள், தினசரி வெப்பம், மழை, சூரிய ஒளி இவற்றைக் கொடுத்தால், பயிரை அறுவடை வரை நாள் நாளாகக் கணக்கில் 'வளர்த்து'ப் பார்க்கும் கணினி நிரல்தான் பயிர் மாதிரி. டிஎஸ்எஸ்ஏடி, ஏப்சிம் போன்றவை பரவலாகப் பயன்படுகின்றன. வீட்டு வரவு செலவு நோட்டு போலத்தான்: இலை இன்று சம்பாதித்தது இவ்வளவு, சுவாசத்துக்குப் போனது இவ்வளவு, மிச்சம் வேருக்கும் தண்டுக்கும் மணிக்கும்.

வெப்பம் கூடினால் பயிர் சீக்கிரம் முற்றிவிடும். மணியில் பால் பிடிக்கும் நாட்கள் குறையும், எடையும் குறையும். இதை மாதிரிகள் ஓரளவு நன்றாகவே பிடித்துவிடுகின்றன. தடுமாறுவது பூக்கும் சமயத்தில்தான். சுமார் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் மகரந்தம் கெடத் தொடங்கும். செடி பச்சையாகத்தான் நிற்கும், உரித்துப் பார்த்தால் கதிரில் அங்கங்கே மணியே இருக்காது. பழைய மாதிரிகள் பலவற்றில் இந்தச் சேதத்துக்குத் தனிக் கணக்கே இல்லை. போதாக்குறைக்கு, பெரும்பாலும் கணக்கில் போவது காற்றின் வெப்பம். நன்றாக நீர் பாய்ச்சிய பயிரோ அதைவிடக் குளிர்ந்திருக்கும்.

மாதிரி சொல்லும் எண்ணைப் பலர் வரப்போகும் மகசூலாகவே எடுத்துக்கொள்கிறார்கள்; கொடுத்த வானிலை அப்படியே அமைந்து, பூச்சியும் நோயும் தாக்காவிட்டால் என்ன கிடைக்கும் என்பதைத்தான் அது பொதுவாகச் சொல்கிறது.