இடுப்பு வலிக்காரரை நடக்க வைப்பது எப்படி? நல்ல நாளில் "போதும், வாங்க" என்று சொல்லுங்கள்

கேள்வி: என் கணவருக்கு வயது 49. இரண்டு வருடமாகக் கீழ்முதுகு வலி. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் 'எல்4–எல்5 டிஸ்க் பல்ஜ்' (கீழ்முதுகின் நான்காம், ஐந்தாம் எலும்புகளுக்கு நடுவே உள்ள ஜவ்வு உப்பியிருப்பது) என்று வந்தது. ஆபரேஷன் தேவையில்லை, நடந்து, உடற்பயிற்சி செய்தால் போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் இவர் குனிவதே இல்லை. நாள் முழுக்க பெல்ட். வலி குறைந்த நாளில் திடீரென்று ஒரு மணி நேரம் நடந்துவிட்டு வருவார், அடுத்த மூன்று நாள் படுக்கை. 'நடந்தா ஜவ்வு இன்னும் விலகிடும்' என்கிறார். நான் வற்புறுத்தினால் சண்டை வருகிறது. எங்கிருந்து, எவ்வளவு தொடங்குவது?

பதில்: உங்கள் கணவர் சோம்பேறி இல்லை. சோம்பேறிக்கு ஒரு மணி நேரம் நடக்கத் தோன்றாது. வலி குறைந்த நாளில், இத்தனை நாள் விட்டுப்போனதை ஒரே மூச்சில் பிடித்துவிடப் பார்க்கிறார். உடம்பு அதற்குப் பழகியிருக்கவில்லை. மறுநாள் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. மூன்று நாள் படுத்தால் அடங்குகிறது. 'நடந்தேன், வலித்தது. படுத்தேன், குறைந்தது' என்று மனதில் ஒரு கணக்கு விழுகிறது. இரண்டு வருடத்தில் அந்தக் கணக்கு எத்தனை முறை அழுத்தமாகப் பதிந்திருக்கும்! அதன் முன்னால் வாய்வார்த்தை எடுபடாது. 'நடந்தேன், மறுநாளும் வழக்கம்போலத்தான் இருந்தது' என்ற அனுபவம் திரும்பத் திரும்பக் கிடைத்தால் மட்டுமே அது அழியும்.

அதற்கு ஒரே வழி, எவ்வளவு நடப்பது என்ற முடிவை வலியின் கையிலிருந்து பிடுங்கிக் கடிகாரத்திடம் கொடுப்பது. குறித்த நேரம் எட்டு நிமிடம் என்றால், வலி சற்று அதிகமான நாளிலும் எட்டு, வலியே தெரியாத நாளிலும் எட்டு. இதில் இரண்டாவது பாதிதான் கஷ்டம். பெரும்பாலோர் சறுக்குவதும் அங்கேதான்.

தொடங்கும் முன் சிலவற்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சிறுநீர், மலம் கழிப்பதில் புதிதாகக் கட்டுப்பாடு போவது அல்லது சிறுநீர் பிரியாமல் அடைத்துக்கொள்வது, உட்காரும் இடத்தைச் சுற்றி மரத்துப்போவது, காலில் பலம் நாளுக்கு நாள் குறைவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் நாளை என்று தள்ளாமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சலோடு முதுகுவலி, காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் வந்திருப்பது, நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுத்தவர்கள் அல்லது வயதானவர்கள் விழுந்தபின் வரும் வலி, எப்படிப் படுத்தாலும் குறையாத இரவு வலி ஆகியவற்றுக்கும் முதலில் மருத்துவர்தான். உங்கள் கணவரை மருத்துவர் பார்த்து 'நடக்கலாம்' என்று சொல்லியிருப்பதால், இவற்றில் எதுவும் புதிதாக வரவில்லையென்றால் தைரியமாகத் தொடங்கலாம்.

அடுத்து அந்த ஸ்கேன். 'ஜவ்வு விலகியிருக்கு' என்ற சொல்லே பாதிப் பயத்துக்குக் காரணம் என்பது எங்கள் கருத்து. டிஸ்க் என்பது இரண்டு எலும்புகளுக்கு நடுவே செருகி வைத்த வில்லை போல நழுவி ஓடுவதல்ல. மேலும் கீழும் உள்ள எலும்புகளோடு நார்களால் இறுகப் பிணைந்தது. 'பல்ஜ்' என்றால் அதன் விளிம்பு கொஞ்சம் உப்பியிருக்கிறது என்று பொருள். முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015இல் ஓர் ஆய்வு வெளியானது. அதன்படி, வலி எதுவும் இல்லாத 50 வயதுக்காரர்களில் சுமார் 60 சதவீதம் பேருக்கு டிஸ்க் பல்ஜ் இருக்கிறது; 80 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் இருக்கிறது. உங்கள் கணவரின் வலி பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. வலி நிஜம். அந்தப் படத்தை மட்டும் வைத்து 'நடந்தால் கெட்டுவிடும்' என்று முடிவு கட்ட முடியாது என்பதே விஷயம். இன்னொன்றையும் அவருக்குச் சொல்லுங்கள்: வளர்ந்தவர்களின் டிஸ்க்கின் நடுப்பகுதிக்கு இரத்தக் குழாய் கிடையாது. பக்கத்து எலும்பிலிருந்து சத்து ஊறித்தான் வர வேண்டும். நடப்பதும் அசைவதும் அதைக் கெடுக்கும் வேலையல்ல.

படுக்கை ஓய்வு மருந்தல்ல என்பது மருத்துவ உலகுக்குத் தெரிந்தும் நாற்பது வருடமாகிறது. முதுகுவலியோடு வந்தவர்களில் ஒரு பிரிவுக்கு இரண்டு நாளும் இன்னொரு பிரிவுக்கு ஏழு நாளும் படுக்கச் சொல்லிப் பார்த்த ஆய்வு 1986இல் வந்தது. இரண்டு நாள் குழுவினர் வேலைக்குப் போகாமல் இருந்த நாட்கள் 45 சதவீதம் குறைவு.

இனி அளவு. தொடர்ந்து மூன்று நாள், சமதளத்தில், சாதாரண வேகத்தில் நடக்கச் சொல்லுங்கள். வழக்கமான வலி லேசாகக் கூடத் தொடங்கும் நிமிடத்தைக் குறித்துக்கொண்டு அங்கேயே நிறுத்த வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு தொடரக் கூடாது. முதல் நாள் 9 நிமிடம், இரண்டாம் நாள் 14, மூன்றாம் நாள் 7 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். கூட்டினால் 30, சராசரி 10. இதில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் 8. இதுதான் அவருடைய தொடக்க அளவு: காலையில் 8 நிமிடம், மாலையில் 8 நிமிடம். 'இதெல்லாம் ஒரு நடையா?' என்று அவர் கேட்பார். கேட்கட்டும். முதல் வாரத்தில் தோற்கவே முடியாத அளவுதான் நமக்கு வேண்டும்.

வாரத்துக்கு ஒருமுறை 15 சதவீதம் அளவுக்குக் கூட்டுங்கள். எட்டு ஒன்பதாகும், ஒன்பது பத்தரையாகும், பிறகு பன்னிரண்டு, பதினான்கு. ஆரம்பத்தில் ஆமை நடை போலத் தெரிந்தாலும், இதே விகிதத்தில் போனால் பதினோராவது வாரத்தில் ஒரு வேளை நடை அரை மணி நேரத்தைத் தொட்டுவிடும். இருபது நிமிடத்தைத் தாண்டியதும் மாலை நடையை விட்டுவிட விரும்பினால் விடலாம். வேகத்துக்கு மீட்டர் எதுவும் வேண்டாம்: நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. நேரமும் வேகமும் ஒரே வாரத்தில் கூடக் கூடாது. பெரியவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலியக்கம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது எட்ட வேண்டிய இலக்கு. முதல் மாதத்தில் அந்த எண்ணை அவர் காதில் போடாதீர்கள்.

நடக்கும்போது வலித்தால்? வலிக்கும், அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பூஜ்யத்திலிருந்து பத்து வரை வலிக்கு எண் கொடுக்கச் சொல்லுங்கள். வழக்கமாக 4 என்றால், நடையில் 6 வரை ஏறலாம்; மறுநாள் காலைக்குள் 4க்கு இறங்கிவிட்டால் அளவு சரி. இறங்கவில்லை என்றால் அளவு அதிகம். முந்தைய வார நேரத்துக்குத் திரும்ப வேண்டும், நிறுத்தக் கூடாது. தொடையிலும் பிட்டத்திலும் ஓரிரு நாள் இருக்கும் உளைச்சல், பழகாத தசை வேலை செய்ததன் அடையாளம், கவலை வேண்டாம். ஆனால் இடுப்பில் இருந்த வலி முழங்காலுக்குக் கீழே இறங்கிக்கொண்டே போனாலோ, பாதம் மரத்துப்போனாலோ நடையைக் குறைத்து மருத்துவரைப் பாருங்கள். இதற்கு நேர்மாறாகக் காலில் இருந்த வலி மேலே ஏறி இடுப்போடு நின்றுவிட்டால், இடுப்பில் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தாலும், அது பொதுவாக நல்ல அறிகுறிதான்.

சிலருக்கு, பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்களுக்கு, கொஞ்சம் நடந்ததும் இரண்டு காலும் கனத்து இழுக்கும். உட்கார்ந்தாலோ முன்னால் சாய்ந்தாலோ விட்டுவிடும். தண்டுவடக் குழாய் குறுகியிருந்தால் இப்படி ஆகும். அவர்களுக்கு நடையை விட, நகராத சைக்கிள் மிதிப்பது எளிது. கணக்கு அதே கணக்குத்தான்.

குனிவதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நடை தேறிய பிறகும் இந்தப் பயம் தானாகப் போவதில்லை. கீழே கிடக்கும் செருப்பை அவர் எடுக்கும்போது ஒருமுறை கவனியுங்கள். மூச்சைப் பிடித்துக்கொள்வார், வயிற்றை இறுக்குவார், ஒரு கையைத் தொடையில் ஊன்றுவார், முதுகு பலகை போல விறைத்திருக்கும். காக்க வந்த அந்த இறுக்கமே முதுகுத் தசைகளைச் சோர்வடைய வைத்து வலியைக் கூட்டுகிறது. முஷ்டியை நாள் முழுக்க இறுக்கி வைத்திருந்தால் கை என்ன ஆகும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இதை நாற்காலியிலிருந்து தொடங்கலாம். கால்களைச் சற்று அகட்டி உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடையில் வைத்து, மூச்சை மெதுவாக விட்டபடி கைகளை முழங்கால்வரை வழுக்கவிட வேண்டும். தலையும் முதுகும் தானாக வளையட்டும். நிமிரும்போது மூச்சை இழுக்கலாம். பத்து முறை, காலையும் மாலையும். மூச்சைப் பிடிக்காமல், முகம் சுளிக்காமல் மூன்று நாள் செய்துவிட்டால், கை கணுக்கால்வரை போகட்டும். அதன்பின் நின்றபடி: நாற்காலியின் உயரத்தில் வைத்த பொருளை எடுப்பது, பிறகு அதில் பாதி உயரத்தில் இருப்பதை, பிறகு தரையில் இருப்பதை. முதலில் காலியான பை. பிறகு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், அதாவது ஒரு கிலோ. பிறகு இரண்டு, மூன்று, ஐந்து கிலோ. உயரத்தைக் குறைக்கும் வாரத்தில் எடையைக் கூட்டாதீர்கள். தூங்கி எழுந்த உடனே இதைச் செய்ய வேண்டாம். இரவு முழுக்கப் படுத்திருக்கும்போது டிஸ்க் நீரை உறிஞ்சிக் கொஞ்சம் உப்பியிருக்கும், அந்த நேரத்தில் குனிந்தால் விறைப்பாகத் தெரியும். ஒரு மணி நேரம் நடமாடிய பிறகு செய்தால் போதும்.

தசை பலத்துக்கு வாரம் இரண்டு மூன்று நாள், இரண்டு பயிற்சி போதும். ஒன்று, நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது: எட்டு முறை, ஒரு நிமிட ஓய்வு, மறுபடி எட்டு முறை. இன்னொன்று, மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்குவது. ஐந்து விநாடி நிறுத்தி இறக்க வேண்டும், எட்டு முறை. தூக்கும்போது தொடையின் பின்பக்கம் பிடித்துக்கொண்டால் குதிகால் தள்ளி இருக்கிறது, பிட்டத்துக்கு அருகே இழுத்து வைத்துக்கொள்ளுங்கள். இடுப்பில் அழுத்தம் தெரிந்தால் தேவைக்கு மேல் தூக்குகிறார். தோள் முதல் முழங்கால்வரை ஒரு கோடாக வந்ததும் நிறுத்த வேண்டும். யோகா, நீச்சல் என்று வேறு எதையாவது அவர் விரும்பினால் தாராளமாகச் செய்யட்டும். நாள்பட்ட முதுகுவலிக்கு ஒரு பயிற்சி மற்றவற்றைத் தூக்கிச் சாப்பிடும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. அவர் விடாமல் செய்வது எதுவோ அதுவே சரியான பயிற்சி.

பெல்ட்டை 2023இல் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் நாள்பட்ட முதுகுவலி வழிகாட்டுதல் வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்கவில்லை. அதற்காக இன்றே பிடுங்கி எறிய வேண்டாம். முதல் வாரம் உட்காரும்போதும் படுக்கும்போதும் கழற்றட்டும், இரண்டாம் வாரம் அந்த எட்டு ஒன்பது நிமிட நடையின்போது, பிறகு வீட்டுக்குள் முழுவதும்.

வலி திடீரென்று ஏறும் நாள் ஒன்று கட்டாயம் வரும். எந்தத் தப்பும் செய்யாமலேகூட வரும். அந்த நாளுக்கான திட்டத்தை இப்போதே, வலி இல்லாதபோதே, ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள்: இரண்டு நாள் பாதி நேரம், அடுத்த இரண்டு நாள் முக்கால் நேரம், ஐந்தாம் நாள் முழு நேரம். தாளில் 'பூஜ்யம்' என்ற எண்ணே இருக்கக் கூடாது. 16 நிமிடம் நடந்துகொண்டிருந்தவர் அன்று எட்டு நிமிடம் நடப்பார், அதையும் இரண்டு நான்காகப் பிரித்துக்கொள்ளலாம். வலி மாத்திரையை மருத்துவர் சொன்ன அளவிலேயே எடுக்கட்டும்; அதிக நேரம் நடப்பதற்காக இன்னொரு மாத்திரை போடுவது பழைய பள்ளத்திலேயே விழ வைக்கும்.

கடைசியாக, நீங்கள். இதுவரை வீட்டில் நடந்தது 'நடங்க' என்று நீங்கள் தள்ள, 'முடியாது' என்று அவர் நிற்பது. இனி அந்த வேலையை விட்டுவிடுங்கள். நேரம் தாளில் இருக்கிறது, அதில் 'டிக்' போட வேண்டியது அவர். உங்கள் வேலை நல்ல நாளில் மட்டும்தான்: எட்டு நிமிடம் முடிந்தும் அவர் நடந்துகொண்டே இருந்தால், "போதும், வாங்க" என்று நிறுத்த வேண்டும். இரண்டு வருடமாகத் தள்ளியவர் இழுத்துப் பிடிப்பதைப் பார்த்தால் சண்டைக்குக் காரணமே இல்லாமல் போகும்.

"வலி எப்படி இருக்கு?" என்று நாளுக்கு நான்கு முறை கேட்பது அன்புதான், ஆனால் ஒவ்வொரு கேள்வியும் அவர் கவனத்தை இடுப்புக்கே திருப்புகிறது. "காலை நடை ஆச்சா?" என்று கேளுங்கள். "பார்த்து, குனியாதீங்க" என்பதையும், அவர் கையிலிருப்பதை ஓடிப்போய் வாங்கிக்கொள்வதையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். "உங்களுக்கு ஒண்ணுமில்லை" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தன் வலியை நிரூபிக்க வேண்டிய கட்டாயத்துக்கு ஆளானவர் அதன் பிறகு நடக்க மாட்டார். ஒரு நாள் சாவகாசமாக உட்கார்ந்து, "இடுப்பு தொந்தரவு இல்லேன்னா முதல்ல என்ன செய்யணும்னு இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு மணி நேரப் பேருந்துப் பயணம் என்பார், குழந்தையைத் தூக்க வேண்டும் என்பார். தாளின் தலைப்பில் அதை எழுதுங்கள். வெறும் 'உடற்பயிற்சி அட்டவணை'யை யாரும் ஆறு மாதம் பின்பற்றுவதில்லை.

ஆறிலிருந்து எட்டு வாரம் இப்படிச் செய்தும் நேரம் கூடவே இல்லையென்றால், அந்தத் தாளோடு ஒரு பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள். எந்த அளவில், எந்த அசைவில் தடைபடுகிறது என்பதை அதைப் பார்த்தே அவர் சொல்லிவிடுவார்.

அரை மணி நேரத்தை எட்டி, வலியும் விட்டுப்போனால் நடையை நிறுத்தத் தோன்றும். நிறுத்த வேண்டாம். முதுகுவலியிலிருந்து மீண்ட 701 பேரை வைத்து ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வு 2024இல் வெளியானது. படிப்படியாகக் கூட்டி, வாரம் ஐந்து நாள், அரை மணி நேரம்வரை நடக்கப் பழக்கப்பட்டவர்களுக்கு வலி திரும்ப நடுமட்டமாக (அதாவது, பாதிப் பேருக்கு அதற்குள், மீதிப் பேருக்கு அதற்குப் பின்) 208 நாளானது. அந்த வழிகாட்டல் இல்லாதவர்களுக்கு 112 நாள்.