பாட்டியின் அட்டிகையில் இருப்பது அசல் மாணிக்கமா?

தேவகோட்டையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "பாட்டிக்கு 1930-களில் கல்யாணம். தாத்தா ரங்கூனில் வாங்கிவந்த சிவப்புக்கல் அட்டிகை இப்போது என்னிடம் இருக்கிறது. அசல் பர்மா மாணிக்கம் என்று வீட்டில் சொல்கிறார்கள். நகைக்கடையிலோ கல் எடையைக் கழித்துவிட்டுத் தங்கத்துக்கு மட்டும்தான் பணம் தருவார்களாம். பாலில் போட்டேன், பால் சிவப்பாகத் தெரிந்தது. ஒரு கல்லைக் கழற்றிப் பார்க்கலாமா?"

கழற்றாதீர்கள். அந்தக் கால அட்டிகைகளில் பெரும்பாலும் கல்லின் பின்பக்கம் மூடியிருக்கும், உள்ளே பளபளப்புக்கு மெல்லிய உலோகத் தாள் வைத்து அரக்கு அடைத்திருப்பார்கள். ஒன்றைத் தோண்டினால் பக்கத்துக் கல்லும் ஆட்டம் காணும், அதே மாதிரி திரும்பக் கட்டித் தரும் ஆசாரியைத் தேடி அலைய வேண்டும்.

பால் சோதனையை விட்டுவிடுங்கள், சிவப்புக் கண்ணாடித் துண்டைப் போட்டாலும் அந்த நிறம் பாலில் தெரியத்தான் செய்யும். சிவப்பாக இருப்பதெல்லாம் மாணிக்கமும் ஆகிவிடாது. பிரிட்டிஷ் அரச மகுடத்தின் முன்பக்கம் இருக்கும், சுமார் 170 காரட் எடையுள்ள 'கறுப்பு இளவரசரின் மாணிக்கம்' மாணிக்கமே இல்லை, ஸ்பைனல் என்கிற வேறு கனிமம். முகலாய மன்னர்களின் பெயர் பொறித்த 'தைமூர் மாணிக்கம்' 352 காரட், அதுவும் ஸ்பைனல்தான்.

மாணிக்கம் என்பது அலுமினியம் ஆக்சைடு, நீலக்கல்லும் அதேதான். மாணிக்கத்தில் துளியளவு குரோமியம் கலந்திருக்கிறது, அது கல்லைச் சிவப்பாக்குவதோடு நிற்காமல் புற ஊதா ஒளி பட்டால் கல்லையே சிவப்பாக ஒளிரவும் வைக்கிறது. பர்மாவின் மோகோக் பள்ளத்தாக்கில் மாணிக்கம் சலவைக்கல் பாறைக்குள் உருவானது, அங்கே இந்த ஒளிர்வை அமுக்கிவிடும் இரும்புச்சத்து ரொம்பக் குறைவு, அதனால் வெயிலில் பிடித்தாலே உள்ளே தணல் இருக்கிற மாதிரி தெரியும். பர்மாக் கல்லுக்கு இத்தனை மவுசு வந்ததற்கு இதுதான் முக்கியக் காரணம், ஒருமுறை நல்ல கல்லைப் பார்த்துவிட்டால் வேறு சிவப்பு மனசில் நிற்காது.

ஆனால் பழைய நகை, ரங்கூனில் வாங்கியது என்பதாலேயே கல் இயற்கையானது என்று முடிவுகட்ட முடியாது. பிரான்சின் வெர்னேய் என்ற வேதியியலாளர், அலுமினியம் ஆக்சைடு பொடியைச் சுடரில் உருக்கி மாணிக்கம் வளர்க்கும் முறையை 1902-லேயே அறிவித்துவிட்டார். பாட்டியின் கல்யாணத்துக்குள் அந்தக் கற்கள் சந்தையெங்கும் பரவியாயிற்று. அவையும் வேதியியல்படி மாணிக்கமேதான், விலைதான் வேறு.

வீட்டிலேயே இரண்டு காரியம் செய்யலாம். ரூபாய் நோட்டுப் பார்க்கிற புற ஊதா டார்ச்சை இருட்டறையில் கல்மேல் அடியுங்கள். பளிச்சென்று சிவப்பாக ஒளிர்ந்தால் கண்ணாடியோ, கார்னெட் என்கிற வேறு சிவப்புக்கல்லோ இல்லை என்று ஓரளவு நம்பலாம், ஆனால் வெர்னேய் முறையில் வளர்த்த ஆலைக் கல்லும் ஸ்பைனலும்கூட ஒளிரும். அடுத்து, பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் நகை லென்ஸில் பொறுமையாகப் பாருங்கள். இயற்கைக் கல்லில் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் மெல்லிய ஊசிகள், குட்டிக் குட்டிப் படிகங்கள், திட்டுத்திட்டான நிறம் என்று ஏதாவது கண்ணில் படும். ஆலைக் கல்லில் கிராமபோன் தட்டின் கோடுகள் மாதிரி வளைந்த வரிகளும் காற்றுக் குமிழிகளும் இருக்கலாம். அத்தனை கல்லும் ஒரே நிறத்தில் துளி மாசில்லாமல் இருந்தால் நான் சந்தேகப்படுவேன்.

உறுதியாகத் தெரிய ஆய்வகம்தான். மும்பையிலும் ஜெய்ப்பூரிலும் நல்ல ஆய்வகங்கள் இருக்கின்றன. நகையாகவே பார்ப்பார்களா, பின்பக்கம் மூடியிருந்தால் எதுவரை சொல்ல முடியும் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். இயற்கையா செயற்கையா, சூடேற்றியதா, விரிசலில் கண்ணாடி நிரப்பியதா என்பது அறிக்கையில் இருக்க வேண்டும். இடையில் எப்போதாவது ரிப்பேருக்குப் போய்வந்த நகையென்றால் கடைசிக் கேள்வி முக்கியம், ஈயக் கண்ணாடி நிரப்பிய கற்கள் 2000-க்குப் பிறகு நிறையவே வந்துவிட்டன, எலுமிச்சைச் சாறு பட்டாலே அந்தக் கண்ணாடி அரித்துப்போகும்.

அதுவரை பாலிஷ் போடக் கொடுக்காதீர்கள், அமிலத்தில் முக்கினால் உள்ளே இருக்கும் தாள் கறுத்துவிடும். ஒருவேளை விற்பதானாலும், கல் எடையைக் கழித்துப் பணம் தருகிற கடைக்காரர் கழற்றிய கற்களை உங்கள் கையில் எண்ணித் தந்துவிட வேண்டும், இதைத் தராசில் வைப்பதற்கு முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள்.